பதினேழு என்ற எண்

குருசுக்குப்பம்,
மாசி மகம் முடிந்த மூன்றாம் நாள்.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். முந்தாநாள் நீ போன் செய்தபோது வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகனைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் நம் வீட்டில்தான் சாப்பாடு. அந்தச் சத்தத்தில் நீ கேட்டதற்கு ஏதோ அரைகுறையாகச் சொல்லிவைத்தேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும், உனக்குத் தெரியாததா.

"எல்லாருக்கும் கீமோ கொடுக்கிறாங்க, உன் அண்ணிக்கு மட்டும் வேணாங்கிறாங்க. கட்டியை எங்கேயோ அனுப்பி ஜீன் ஜாதகம் பார்த்தாங்களாம், பதினேழுன்னு ஒரு நம்பர் வந்திருக்காம். காசை மிச்சம் பிடிக்கிறாங்களா?" என்று கேட்டாய். பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கி நாற்பது வருஷம் ஆனாலும் உனக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது, வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களோ என்று. நீ சொல்லவில்லை, எனக்குக் கேட்டது.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் ஏமாற்றவில்லை. அண்ணிக்கு வயது 61. அக்குளில் எடுத்துப் பார்த்த நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் மார்பகப் புற்று ரகம், ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த ரகம் இல்லை. இதோடு 17 என்ற எண்ணையும் சேர்த்தால், ஹார்மோன் மாத்திரை போதும் என்பதுதான் சரியான முடிவு. நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவள், சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தவள். ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகும் படிப்பதை விடவில்லை. பாரிஸ் பக்கம் சார்செலில் உன் சினேகிதர்கள் சொல்வதைக் கேட்பதற்கு முன் நான் எழுதுவதைப் படி.

நம்ம ஆயாவை நினைத்துக்கொள். சாயங்காலம் சந்துக்குள் நடந்து வரும்போதே எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று சொல்லிவிடும். எல்லா வீட்டு அடுப்பங்கரையிலும் அதே மிளகாய்த்தூள், அதே புளி. ஆனால் ஒரு வீட்டில் சங்கரா மீன் குழம்பு, அடுத்த வீட்டில் நெத்திலிக் கருவாடு, அதற்கடுத்த வீட்டில் அடுப்பே பற்றவில்லை. உடம்பின் செல்களும் இப்படித்தான். வெள்ளை அணுவோ, ஈரல் செல்லோ, மார்பில் வந்த கட்டியோ, எதை எடுத்தாலும் ஏறக்குறைய அதே 20,000 மரபணுக்கள். கட்டியில் சிலது பழுதாகியிருக்கும், அவ்வளவுதான். எது இப்போது வேலை செய்கிறது, எவ்வளவு மும்முரமாக என்பதில்தான் வித்தியாசமே. வேலை செய்கிற மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுத்து வெளியே விடும். அந்த நகல்களை எண்ணினால், உள்ளே என்ன வேகிறது என்று தெரிந்துவிடும்.

இது ஒன்றும் பழைய வித்தை இல்லை. 1995இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டில் ஒரு செடியின் 45 மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்தார்கள். 2000இல் அதே முறையில் நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றைப் பார்த்தபோது, மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரிந்து ஒரே பெயரில் அழைக்கப்பட்டது உள்ளே இரண்டு நோயாக இருந்தது. ஒரு வகைக்காரர்களில் பலர் பிழைத்தார்கள், இன்னொரு வகைக்காரர்கள் அதிகம் இறந்தார்கள். மைக்ராஸ்கோப்பின் முன்னால் எத்தனை மணி நேரம் நானும் உட்கார்ந்திருப்பேன்! கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் உண்மை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அண்ணிக்குச் செய்தது ஆன்கோடைப் என்ற சோதனை. மெழுகில் பதித்து வைத்த கட்டியிலிருந்து துளி எடுத்து 21 மரபணுக்களை அளப்பார்கள். அதில் 5 எடைக்கல் மாதிரி. எந்தச் செல்லிலும் ஓடிக்கொண்டே இருப்பவை, ஒப்பிடத்தான். மீதி 16இல் சில, செல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று சொல்லும். சில, ஹார்மோன் பேச்சைக் கேட்கிறதா என்று சொல்லும். சி.டி.68 என்று ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். அது பெரும்பாலும் புற்றுச் செல்லுடையதே இல்லை, குப்பை விழுங்கும் நம் எதிர்ப்பு அணுக்களுடையது. கட்டி என்பது கெட்ட செல் மட்டும் கூடிய கூட்டமில்லை, பாதுகாக்க வந்தவர்களும் உள்ளே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அரைத்து எடுத்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். இப்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் முறையும் வந்துவிட்டது, அண்ணிக்கு அது தேவையில்லை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 0 முதல் 100 வரை ஓர் எண். அந்த எண்ணை நம்பலாமா என்பதுதானே உன் கேள்வி? அண்ணியின் ரகத்திலேயே மார்பகப் புற்று வந்த 10,273 பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, டெய்லர்-எக்ஸ் என்று பெயர். முடிவு 2018இல் வந்தது. எண் 11க்கும் 25க்கும் நடுவில் இருந்த 6,711 பேரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், மறுபாதிக்கு மாத்திரையோடு கீமோவும். ஒன்பது வருஷம் கழித்து நோய் திரும்பாமலும் வேறு புற்று வராமலும் உயிரோடு இருந்தவர்கள் முதல் பாதியில் நூற்றுக்கு 83.3, இரண்டாம் பாதியில் 84.3. வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொள். ஐம்பது வயதுக்குள், 16 அல்லது அதற்கு மேல் எண் வந்தவர்களுக்குத்தான் கீமோவில் கொஞ்சம் பலன் தெரிந்தது. அண்ணி அந்தக் கணக்கில் வரமாட்டாங்க. முடி கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் மரத்து, எதற்காக?

மிச்சம் பிடிக்கிறார்களா என்றாயே, இங்கே அந்தச் சோதனைக்கே லட்சங்களில் கேட்பார்கள்.

ஜாதகம் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடு. ஜாதகம் பிறக்கும்போதே எழுதியாகிவிடும். இது அந்தக் கட்டி அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்ற கணக்கு. உன் மகள் பாப்பாவுக்கும் வருமோ என்று அழுதாயே, 17 என்ற எண் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிற சமாச்சாரமே இல்லை. பரம்பரையாக வருகிறதா என்று பார்ப்பது பி.ஆர்.சி.ஏ. என்ற வேறு சோதனை. தேவையா என்று அண்ணியின் டாக்டரைத் தனியாகக் கேள், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்றைக்கு என்றால் அன்றைக்குத்தான். ரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சும்மா வைத்தால் உள்ளே இருக்கிற அணுக்கள் குழாயிலேயே மாறத் தொடங்கிவிடும், ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். ஐஸ் போடாத மீன்தான். அதனால் எடுத்த நொடியே நகல்களை அப்படியே நிறுத்திவைக்கும் மருந்து கலந்த குழாய் வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருமுறை மின்சாரம் போய், ஜெனரேட்டரும் ஓடாமல், ஃப்ரீசரில் வைத்திருந்ததெல்லாம் ஒரு ராத்திரியில் வீணாகப் போனது. காலையில் கதவைத் திறந்த எனக்கு, ஐஸ் கிடைக்காமல் அப்பா ஒரு நாள் மீன்பாட்டையே கடலில் கொட்டிவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் போலிருக்கிறது. 1979. அப்பாவுக்கு டி.பி. தினம் ஊசி, மாத்திரை. சானடோரியத்துக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வுதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 193 நோயாளிகளில் ஒரு பங்கை வீட்டிலும் ஒரு பங்கை சானடோரியத்திலும் வைத்துப் பார்த்ததில், வீட்டில் இருந்தவர்களும் நன்றாகவே தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. சிகிச்சை தொடங்குமுன் தொற்றியது தொற்றியதுதான்.

ஒரே அறையில் நாம் மூன்று பிள்ளைகள் படுத்தோம். உனக்கு வரவில்லை, எனக்கு வரவில்லை. தம்பிக்கு வந்தது. ஏன் அவனுக்கு மட்டும்? அப்பா உடம்பு தேற வேண்டும் என்று அம்மா மீனை அவருக்கு எடுத்து வைப்பாங்க. வேலைக்குப் போகிறவன் என்று உனக்கு. பெண்பிள்ளை என்றாலும் நான் சண்டை போட்டு வாங்கிவிடுவேன். அவன் குழம்பை ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

இந்த மரபணுக் கணக்கை டி.பி.க்கும் போட்டிருக்கிறார்கள். அந்த நோய் மூண்டால் வெள்ளை அணுக்களில் எந்தெந்த மரபணு முழித்துக்கொள்கிறது என்று 2010இல் லண்டன்காரர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள், 393 நகல்கள். வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற சங்கதிதான் அதில் உரக்கக் கேட்டது. அங்கேதான் சிக்கலும். ஃப்ளூ காய்ச்சலிலும் அதே வாசனைதான் வரும். தெருமுனையில் நின்று கருவாடு என்று சொல்லலாம், எந்தக் கருவாடு என்று சொல்வது கஷ்டம். 2016இல் 16 மரபணுக்களை வைத்து, நோய் வெளியே தெரிவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே பலரைக் கண்டுபிடிக்கலாம் என்று தென்னாப்பிரிக்காவில் காட்டினார்கள். எனக்கு அப்போது ஒரே குதூகலம். ஆனால் அதைச் சுருக்கி 11 மரபணுவாக்கி, ஆபத்து என்று காட்டியவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நோய் குறையவில்லை. 2021இல் வந்த முடிவு. பட்டியல் போடுவது சுலபம், அதை நம்பி மருந்து கொடுக்கலாமா என்பது வேறு. அண்ணிக்குப் பார்த்த 21 மரபணுச் சோதனை அந்தத் தேர்வில் தேறியது, இவை இன்னும் தேறவில்லை.

நம்ம ஊர்ச் சங்கதி இனிமேல்தான். கோரிமேட்டு ஜிப்மரும் அமெரிக்காவின் பாஸ்டன், ரட்கர்ஸ் பல்கலைக்கழகக்காரர்களும் சேர்ந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்து டி.பி. நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களின் ரத்தத்தில் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். 2022இல் வந்த கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன். நன்றாகச் சாப்பிட்டவர்களைவிட எலும்பும் தோலுமாக இருந்தவர்களின் ரத்தத்தில் அழற்சி மரபணுக்கள் அதிகம் கொதித்தன. டி.பி. வரக்கூடும் என்று காட்டும் பட்டியல்களும் அவர்களிடம்தான் ஓங்கி நின்றன. அவ்வளவு பெரிய மெஷினில் போட்டு, கம்ப்யூட்டரில் அலசி, கடைசியில் அது சொன்னது பசி.

அடுத்த வருஷம் ஜார்க்கண்டிலிருந்து இன்னொரு ஆய்வின் முடிவு வந்தது. நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டாருக்கு நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கடற்கரைக் கருங்கல்லில் உட்கார்ந்துகொண்டேன். நீ கட்டுமரம் தள்ளின மணல் இப்போது இல்லை, துறைமுகம் கட்டின பிறகு கடல் தின்றுவிட்டது, கல் மட்டும்தான். தம்பிக்குப் பசியால்தான் டி.பி. வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் அரியாங்குப்பத்தில் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறான், அவனிடம் நான் இதைப் பேசியதும் இல்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. மாத்திரையை அண்ணி ஒரு நாளும் விடக்கூடாது, ஐந்து வருஷமாவது. மூட்டு வலிக்கலாம், எலும்பு தேயலாம், அதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல், எலும்புக்கு ஸ்கேன் எடுப்பார்கள். முடிவு வந்த காகிதத்தின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, பிரெஞ்சில் இருந்தாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடத்தில் படித்தது இன்னும் மறக்கவில்லை. அண்ணியை என்னோடு பேசச் சொல். நீ பக்கத்தில் இல்லாதபோது.

எதிர் வீட்டுப் பிள்ளை அடுத்த மாசம் பாரிஸ் வருகிறான். நெத்திலி காயவைத்திருக்கிறேன், கொடுத்தனுப்புகிறேன். போன தடவை பெட்டி முழுக்க வாசனை ஏறிவிட்டது என்று திட்டினாய். இந்தத் தடவை மூன்று கவர் போட்டுக் கட்டுகிறேன்.

அன்புடன்,
தங்கச்சி