நள்ளிரவில் உழப்பட்ட ஓடுபாதை

தோட்டத்துக் கிராணிக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்து, பகலெல்லாம் செம்பனைக் குலைகளின் நிறையையும் ஆட்களின் சம்பளத்தையும் கணக்கெழுதும் நாம், வாழ்நாளில் விமானம் ஏறியது இரண்டே முறை. ஆயினும் அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரத்து ஏரிக்கரையில் இருந்து மறைந்த ஒரு சிறு விமானத்தளத்தை, நம் தோட்டத்துப் பந்துத் திடலைப் போலவே நாம் அறிவோம். அத்திடலும் இன்று இல்லை. ஒன்றின் கதை தெரிந்திருந்தும் மற்றொன்றைக் காக்கத் தவறினோம் என்னும் வெட்கமே இதனை எழுதத் தூண்டிற்று.

சிறு வயதில் நகரத்திலே சிற்றப்பா வீட்டில் தங்கி, ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தோம். சிற்றப்பாவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனியார் 1982-இல் முதன்முதல் வெளியிட்ட விமானமோட்டும் விளையாட்டின் பிந்திய பதிப்பொன்று அதில் இருந்தது. அதனைத் திறந்தவுடன் நம் விமானம் நிற்கும் இடம் சிக்காகோவின் மெய்க்ஸ் தளம். இடப்புறம் வானளாவிய மாடங்கள். வலப்புறம் கடல்போல் விரிந்த மிச்சிகன் ஏரி. லயத்தில் பிறந்த பையன் அந்த ஓடுபாதையிலிருந்து எத்தனை நூறு முறை மேலெழுந்திருப்பான் என்பதற்குக் கணக்கில்லை.

அத்தளம் 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஏரியில் மண் கொட்டி மனிதர் உண்டாக்கிய நார்தர்லி தீவு என்னும் நிலத்தில், ஏறத்தாழ 3,900 அடி நீளமுள்ள ஒற்றை ஓடுபாதையுடன் அது அமைந்தது. பத்திரிகை அதிபரும் விமானத்துறையில் பற்று மிக்கவருமான மெரில் மெய்க்ஸ் என்பாரின் பெயரைப் பெற்றது. பெரிய கம்பெனி விமானங்கள் இறங்கும் இடமன்று அது. தாமே ஓட்டிப் பழகுவோரும், வியாபாரிகளும், சர்க்கார் அலுவலரும், நோயாளரை ஏற்றி வருவோரும் சிறு விமானங்களில் வந்திறங்கி, சில நிமிஷங்களில் நகரத்தின் நடுவே சென்று சேரும் வாயில் அது.

நகரம் வளர வளர, அதன் அருகேயுள்ள மண் பொன்னாகிறது. பொன்னான மண்ணில் சிறு விமானம் நிற்பது பலர் கண்ணை உறுத்துகிறது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதையன்று. 1965-இல் சுபாங் திறக்கும்வரை கோலாலம்பூரின் ஆகாய வாயிலாக இருந்த சுங்கை பீசித் தளமும் 2018-இல் மூடப்பட்டுவிட்டது.

சிக்காகோவில் மேயர் ரிச்சர்டு டேலி அவ்விடத்தைப் பூங்காவாக்க விரும்பினார். அவர் கட்சியையும் நாம் நேர்மையாகக் கூறவேண்டும். ஏரிக்கரை சிலருடைய விமானங்களுக்கா, பல்லாயிரம் ஏழைக் குழந்தைகளின் ஓட்டத்துக்கா என்று கேட்டால், தோட்டத்தில் பிறந்த நம் நெஞ்சு குழந்தைகளின் பக்கமே சாயும். நகரத்தை அழகுபடுத்த 1909-இல் டேனியல் பர்னாம் வரைந்த திட்டத்திலும் அங்கே பூங்காவே காணப்பட்டது.

பூங்கா இலாகாவிடம் பெற்ற குத்தகை முடிந்த 1996-இல் மேயர் தளத்தை மூடினார். உடனே அன்பர்கள் சிலர் 'மெய்க்ஸ் தள நண்பர்கள்' என்னும் சங்கத்தின் வாயிலாகக் கிளர்ந்தெழுந்தனர். கடிதங்கள் எழுதினர், சட்டசபை அங்கத்தினர்களைக் கண்டு பேசினர், பூங்காவும் விமானமும் ஒரே நிலத்தில் வாழலாம் என்று மாற்றுத் திட்டமொன்றையும் தீட்டிக் காட்டினர். மாகாணச் சட்டசபை தலையிட்டதால் 1997 பிப்ரவரியில் தளம் மீண்டும் திறந்தது. 2001-இல் மேயரும் மாகாணக் கவர்னரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பெரிய ஓஹேர் விமான நிலையத்தை விரிவாக்குவதோடு, மெய்க்ஸ் தளத்தை 2026 வரை திறந்து வைப்பதென்பதும் அதன் பகுதி. நண்பர்கள் மகிழ்ந்தனர். ஆனால் அவ்வுடன்பாட்டை நாட்டுச் சட்டமாக்கும் மசோதா அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேறவில்லை. காகிதத்தில் வாக்கு இருந்தது. வாக்குக்குப் பூட்டு இல்லை.

2003-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில், போலீஸ் காவலுடன் மண்வாரி யந்திரங்கள் தளத்துள் புகுந்தன. விடிவதற்குள் ஓடுபாதையின் நடுவே பெருக்கல் குறி வடிவில் பெரும் பள்ளங்கள் தோண்டப்பட்டன. அங்கு நின்ற 16 விமானங்கள் பறக்க வழியின்றிச் சிறைப்பட்டன. பின்னர் பக்கத்துத் துணைப்பாதையிலிருந்து மேலெழும்ப அனுமதி பெற்று வெளியேறின. 2001 செப்டம்பர் 11 கொடுமைக்குப் பின் நகரத்தின் பாதுகாப்புக்காகவே இதனைச் செய்ததாக மேயர் கூறினார். நல்ல காரணமாயின் பகலில் கூறலாகாதா? சபையில் விவாதிக்கலாகாதா? பூங்கா நல்லதே. ஆனால் குடிகள் உறங்கும்போது வெட்டிய பூங்காவில், அடுத்த முறை நமக்குரியதையும் இப்படியே வெட்டுவர் என்னும் அச்சமும் சேர்ந்தே முளைக்கிறது.

முப்பது நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்னும் விதியை மீறியதற்காக, மத்திய சர்க்காரின் விமான இலாகா நகரத்துக்கு 33,000 டாலர் அபராதம் விதித்தது. அன்றைய சட்டப்படி அதற்குமேல் விதிக்க வழியில்லை; நாளொன்றுக்கு 1,100 டாலரே உச்சம். விமான நிலையங்களுக்கென ஒதுக்கிய பணத்தை இடிப்புக்குச் செலவிட்டதற்காக 10 இலட்சம் டாலரையும் நகரம் 2006-இல் திருப்பித்தர நேர்ந்தது. தளமோ திரும்பவில்லை. ஆயினும் நண்பர்கள் பட்ட பாடு முற்றும் வீணன்று. அந்த அபராதத்தை நாளொன்றுக்கு 10,000 டாலராக உயர்த்தும் விதி 2003-இலேயே சட்டத்தில் ஏறிற்று. தம் தளத்தை இழந்தவர்கள் பிறர் தளத்துக்கு வேலி கட்டினர்.

இனி நம் திடலுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்குமுன் தோட்டத்தின் ஒரு பகுதி வீடுகள் கட்டுவதற்கு விற்கப்பட்டது. பிள்ளைகள் பந்தாடும் திடலும் போகுமோ என்று லயத்து மக்கள் கலங்கினர். ஆங்கிலம் அறிந்தவர் என்று நம்மையே அனுப்பினர். மேலதிகாரி நாற்காலி தந்து அமரச் செய்து, "திடலைத் தொட மாட்டோம்" என்றார். அம்மரியாதையில் மயங்கித் திரும்பி வந்து, கோயில் வாசலில் கூடியிருந்தோரிடம் அச்செய்தியைப் பெருமையாகச் சொன்னோம். பால்வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர் மட்டும், "கிராணி ஐயா, எழுத்துல வாங்கினீங்களா?" என்று கேட்டார். நாம் புன்னகைத்தோம். படித்தவனுடைய புன்னகை அது. அதனை நினைக்குந்தோறும் இன்றும் உடல் கூசுகிறது.

தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பியபோது திடலில் மண்வாரி நின்றது. கோல் கம்பங்கள் பிடுங்கப்பட்டு வாய்க்கால் ஓரம் கிடந்தன. எழுதிய வாக்கே நிலைக்காத சிக்காகோவின் கதையை அறிந்த நாம், வாய்வாக்கை நம்பி வந்தோம். ஆங்கிலம் படித்தோம், படித்ததால் வரவேண்டிய எச்சரிக்கையைப் படிக்கவில்லை. எழுத்தறியாத மூதாட்டிக்கு அது இருந்தது.

தோழர்களே! ஓர் இடத்தைக் காக்க விரும்புவோர் மூன்று படிகள் ஏறவேண்டும். வாய்ச்சொல்லைக் காகிதத்தில் ஏற்றுவது முதற்படி. காகிதத்தைச் சட்டத்தில் ஏற்றுவது இரண்டாம் படி. அவ்விடத்தைப் பயன்படுத்தாதவரும் அது நமக்கும் வேண்டியதே என்று உணரும்படி எடுத்துரைப்பது மூன்றாம் படி. விமானமோட்டிகள் மட்டும் அழுதால் அது பணக்காரர் அழுகை என்பர்; பையன்கள் மட்டும் அழுதால் விளையாட்டுப் பிள்ளைகள் அழுகை என்பர்.

நம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியும், நாட்டிலுள்ள வேறு பல தோட்டப் பள்ளிகளைப் போலவே, கம்பெனி நிலத்தில்தான் நிற்கிறது. அதனை யாரும் தொடப் போவதில்லை என்று இப்போதும் அன்பாகச் சொல்லுகின்றனர். சொல்லுக்கு நன்றி கூறி, நிலத்தைப் பள்ளியின் பெயருக்கு மாற்றித் தரும்படி மனு எழுதியிருக்கிறோம். பிள்ளைகளைப் பெற்றோரும், பிள்ளைகள் இல்லாதோரும் அதில் கையெழுத்திட்டனர். முதற் கையொப்பமாக அம்மூதாட்டியின் பெருவிரல் ரேகை பதிந்திருக்கிறது.