ஒரு வாசலில் இரு காவலாளிகள்

பாதுகாப்பு என்று வந்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டு நல்லது என்பது எம்மவர்களின் நீண்டகால நம்பிக்கை. கதவுக்குத் திறாங்கு போட்ட பின்னர் ஆமைப்பூட்டும் போடுவோம். படலையைச் சங்கிலியால் கட்டிவிட்டு முற்றத்தில் நாயையும் அவிழ்த்து விடுவோம். வங்கிப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டி, அலுமாரியின் திறப்பை இன்னொரு லாச்சியில் வைத்துப் பூட்டும் வழக்கமும் உண்டு. களவையும் கலவரத்தையும் கண்டு வளர்ந்த ஒரு சமூகத்தின் இயல்பான எச்சரிக்கை இது. இதில் நகைப்பதற்கு எதுவுமில்லை. ஆயினும் இந்த நம்பிக்கை செல்லுபடியாகாத ஓர் இடம் எமது வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றது. வீட்டுக் கணினிதான் அந்த இடம்.

ஒரே கணினியில் இரண்டு அன்ரி வைரஸ் மென்பொருள்களை நிறுவி, இரண்டையும் ஒருசேர இயங்கவிட்டு, நிம்மதியாக உறங்கச் செல்பவர்களை நான் இன்றும் சந்திக்கின்றேன். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன். நான் கணினி நிபுணன் அல்லன். பத்திரிகைக்காரன். ஆனால் இந்த இரட்டைக் காவலின் விளைவை எமது வீட்டில் நேரில் கண்டவன்.

2007ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் நாம் குடியிருந்த வீட்டில் ஒரு கணினி இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம், 256 எம்பி நினைவகம். வாரந்தோறும் எழுதும் பத்திகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பத்திரிகைக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். அதே கணினியில்தான் பிள்ளைகள் பாடசாலை ஒப்படைகளைச் செய்வார்கள். வெளிநாட்டிலுள்ள மகனோ மகளோ அனுப்பிய திருமணப் படங்களைப் பார்ப்பதற்கு அயலவர்களும் வருவார்கள். பென் ட்ரைவ்கள் வீட்டுக்கு வீடு கைமாறிய காலம் அது. போட்டோக் கொப்பிக் கடைக்கு ஒரு கோப்புடன் சென்ற பென் ட்ரைவ், திரும்பி வரும்போது அழையாத விருந்தாளிகள் சிலரையும் அழைத்து வரும். செருகிய மாத்திரத்திலேயே தாமாக இயங்கத் தொடங்கும் வைரஸ்கள் அவை.

கணினியை விற்ற கடைக்காரர் ஏற்கெனவே ஓர் அன்ரி வைரஸை நிறுவிக் கொடுத்திருந்தார். ஒருநாள் நான் அலுவலகம் சென்றிருந்த வேளையில், கணினிக் கல்வி பயின்றுகொண்டிருந்த என் சகோதரியின் மகன் வந்து இன்னொன்றையும் நிறுவிவிட்டான். மாலையில் நான் வீடு திரும்பியதும், "ஒண்டு விட்டதை மற்றது பிடிக்கும், மாமா. இனிப் பயமில்லை" என்றான். கேட்பதற்கு நியாயமான வாதமாகவே இருந்தது.

மறுநாள் முதல் கணினியின் குணம் மாறியது. ஆளியை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி முடித்து வந்தாலும் திரை முழுமையாகத் தோன்றியிருக்காது. ஒரு சொல்லைத் தட்டச்சுச் செய்தால் அதன் எழுத்துக்கள் சற்றுத் தாமதித்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். உள்ளிருக்கும் விசிறி ஓயாது இரைந்தது. ஒரு மென்பொருள் மற்றையதைச் சந்தேகத்துக்குரியது என்று எச்சரித்தது. ஒன்று பிடித்துச் சிறை வைத்த கோப்பை, மற்றையது அந்தச் சிறைக்குள்ளேயே கண்டுபிடித்து, புதிய வைரஸ் அகப்பட்டதாக அறிவித்தது. கள்வனை விட்டுவிட்டுக் காவலாளிகள் இருவரும் ஒருவரையொருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் போன்ற நிலை.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஒரு வேடிக்கைக் கதையாக முடிந்திருக்கும். அந்தக் கணினியில் ஒரு முதிய அச்சுக்கோப்பாளரின் நேர்காணல் இருந்தது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த நாள்களிலிருந்து, ஒப்செற் இயந்திரம் வந்து அந்தத் தொழிலையே இல்லாமற் செய்த நாள்கள் வரை அவர் கூறியவற்றை நாற்பது பக்கங்களில் எழுதி வைத்திருந்தேன். அவர் 2005இல் காலமாகிவிட்டார். கொழும்பின் ஈரக்காற்றில் ஒலிநாடாவைப் பூஞ்சணம் தின்றுவிட்டது. எஞ்சியிருந்தது அந்தக் கோப்பு மாத்திரமே.

வேர்ட் கோப்புகளில் ஒட்டிக்கொள்ளும் மக்ரோ வைரஸ் ஒன்று அதிலே தொற்றியிருந்தது. ஒரு மென்பொருள் அதனைச் சுத்தம் செய்யத் திறந்த வேளையில் மற்றையது அதனை அகற்றியது. மருமகன் இரவிரவாக இருந்து மீட்டெடுத்தபோது கிடைத்தது கோப்பின் பெயர் மட்டும்தான். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. அவனுடைய முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மூன்றாம் நாள், ரொறன்ரோவில் வாழும் பழைய சகபாடி ஒருவருக்கு முன்னர் அதனை வாசிப்பதற்கு அனுப்பியிருந்தது நினைவுக்கு வந்தது. அவர் தமது மின்னஞ்சல் பெட்டியைத் துழாவி அதனைத் திருப்பி அனுப்பினார். அந்த மனிதரின் வாழ்க்கையைக் காப்பாற்றியது இரண்டு காவலாளிகளும் அல்லர். கடல் கடந்து கிடந்த ஒரு பிரதி.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் என்ன? அன்ரி வைரஸ் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறிந்தால் விளங்கிவிடும். அது இயங்குதளத்தின் ஆழத்தில், கோப்புகள் போய்வரும் வழியில் அமர்ந்திருக்கின்றது. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அதனை இடைமறித்து, தன்னிடமுள்ள வைரஸ் அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே உங்களிடம் கையளிக்கின்றது. இரண்டு மென்பொருள்கள் அதே வழியில் அமர்ந்தால் ஒவ்வொரு கோப்பும் இரண்டு முறை மறிக்கப்படும். முதலாமது சோதிப்பதற்காகத் திறப்பதை இரண்டாமது ஒரு புதிய திறப்பாகக் கருதித் தானும் சோதிக்கும். ஒன்றின் பிடி தளரும்வரை மற்றையது காத்திருக்க, கணினி உறைந்து நிற்பதும் உண்டு. அடையாளப் பட்டியல்களும் இரண்டு, அவை அடைத்துக்கொள்ளும் நினைவகமும் இருமடங்கு.

பத்திரிகைத் தொழிலில் இருந்து ஓர் உதாரணம் கூறினால் தெளிவாகும். எமது ஆசிரியபீடத்தில் ஒரு பக்கத்தை இரண்டு ஒப்புநோக்காளர்கள் பார்ப்பதுண்டு. முதலாமவர் பார்த்துத் திருத்திய பின்னர் இரண்டாமவரின் மேசைக்கு அது செல்லும். முதலாமவரின் கண்ணுக்குத் தப்பிய எழுத்துப் பிழை இரண்டாமவரின் கண்ணில் படும். பயனுள்ள முறை அது. ஆனால் ஒரே தாளை இருவரும் ஒரே வேளையில் இரு முனைகளிலும் பிடித்துக்கொண்டு திருத்த முற்பட்டால் தாள்தான் கிழியும். பக்கம் அச்சுக்குப் போகாது.

ஆகவே, ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும் என்று மருமகன் கூறியதில் பாதி உண்மை இருக்கின்றது. எந்த ஒரு மென்பொருளும் எல்லா வைரஸ்களையும் பிடிப்பதில்லை. இரண்டாவது அபிப்பிராயம் தேவைப்படும் வேளைகள் உண்டு. அதனை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற வேண்டும் என்பதே விடயம். எந்நேரமும் விழித்திருக்கும் காவல் ஒன்றே போதும். ஐயம் எழும் வேளையில் மாத்திரம் இயக்கிப் பார்த்து, வேலை முடிந்ததும் மூடிவிடக்கூடிய சோதனை மென்பொருள்கள் தனியாக உள்ளன. ஒரு தனிக் கோப்பின்மீதுதான் ஐயம் என்றால், 2004இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு 2012இல் கூகுள் வாங்கிய வைரஸ்ரோட்டல் என்ற இணையத்தளத்தில் அதனை ஏற்றலாம். பல டசின் அன்ரி வைரஸ்களின் தீர்ப்பை அது ஒரே வேளையில் தரும். ஆனால் அங்கு ஏற்றப்படும் கோப்பு ஏனைய பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போய்ச் சேரும். எனவே தனிப்பட்ட கடிதங்களையும், செய்தி தந்தவரின் பெயருள்ள குறிப்புகளையும் அங்கு ஏற்றக் கூடாது. பத்திரிகை நண்பர்கள் இதனை மனதில் இருத்துவது நல்லது.

காவலாளி உண்மையில் விழித்திருக்கின்றாரா என்ற ஐயத்தினாலேயே பலர் இரண்டாமவரை நியமிக்கின்றனர். அதனைச் சோதிப்பதற்கும் எளிய வழி உண்டு. எயிக்கார் என்ற ஐரோப்பிய அமைப்பு வெளியிட்ட ஒரு சோதனைக் கோப்பு இருக்கின்றது. வெறும் 68 எழுத்துக்கள். எவருக்கும் எத்தீங்கும் செய்யாது. அதனைத் தரவிறக்கியதும் உங்கள் அன்ரி வைரஸ் கூச்சலிட்டால் அது விழித்திருக்கின்றது என்று அறிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காவலாளியின் கையில் வீட்டின் எல்லாத் திறப்புகளும் இருக்கின்றன. அவர் தவறினால் கள்வன் செய்வதிலும் பார்க்கப் பெருஞ்சேதம் ஏற்படலாம். 2010 ஏப்ரல் 21ஆம் திகதி மக்காபி நிறுவனம் வெளியிட்ட ஒரு மேம்படுத்தல், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிழையாக அடையாளம் கண்டு அகற்றியது. கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான மேம்படுத்தல் ஒன்று, மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகளை முடக்கியது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. இரு சந்தர்ப்பங்களிலும் வைரஸ் எதுவும் தாக்கவில்லை. ஒரு காவலாளியிடம் இவ்வளவு அதிகாரம் இருக்கும்போது, தேவையின்றி இரண்டாமவரின் கையிலும் அதே திறப்புக் கோர்வையைக் கொடுப்பது விவேகமாகுமா?

இன்று நிலைமை பெரிதும் இலகுவாகியுள்ளது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் டிபெண்டர் என்ற அன்ரி வைரஸ் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகின்றது. விண்டோஸ் 10இலும் 11இலும் நீங்கள் வேறொன்றை முறைப்படி நிறுவினால் டிபெண்டர் தானாகவே ஒதுங்கி வழிவிடும். விரும்பினால் அவ்வப்போது மாத்திரம் எழுந்து சோதித்துவிட்டுப் போகும்படியும் அதனைப் பணிக்கலாம். எமது ஒப்புநோக்காளர்களின் முறையும் அதுதான். சிக்கல் எழுவது, வெளியிலிருந்து இரண்டைக் கொண்டுவந்து நிறுவும்போதுதான். புதிய மடிக்கணினியோடு சில மாதங்களுக்கு இலவசமாக வந்த ஒன்று ஒரு மூலையில் கிடக்க, கடைக்காரர் இன்னொன்றை நிறுவிக் கொடுப்பார். முதலாவதை முற்றாக அகற்றிவிட்டே இரண்டாவதை நிறுவும்படி அவரிடம் கேளுங்கள். பல நிறுவனங்கள் தமது மென்பொருளை எச்சமின்றி அகற்றுவதற்கென்றே தனிக் கருவியை வழங்குகின்றன.

அன்ரி வைரஸ் ஒன்றோ இரண்டோ, அவற்றினால் தடுக்க முடியாதவையும் உள்ளன. 2017 மே மாதத்தில் வனாகிரை என்ற பணயக் கோப்பு வைரஸ் உலகெங்கும் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதங்கள் முன்னரே வெளியிட்டிருந்தது. அந்த மேம்படுத்தலைச் செய்திருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. எனவே இரண்டாவது அன்ரி வைரஸுக்குச் செலவிடும் அக்கறையை இயங்குதளத்தை மேம்படுத்துவதிலும், பிரதி எடுப்பதிலும் செலவிடுவதே மேல்.

பிரதி என்ற சொல் ஈழத்தமிழருக்கு வலி தரும் சொல். 1981இல் மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றுள் மீண்டும் வாங்கக் கூடியவற்றை வாங்கினோம். வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளை எந்தக் கடையிலும் வாங்க முடியவில்லை. அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. 2005 முதல் நூலகம் என்ற எண்ணிம நூலகம் எமது நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருவதன் அருமை, அந்த இழப்பை அறிந்தவர்களுக்கு விளங்கும். நிறுவனங்கள் செய்கின்ற அந்த வேலையின் சிறு பங்கை ஒவ்வொரு வீடும் தனக்காகச் செய்யலாம். ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி கழற்றி வைக்கக்கூடிய வன்தட்டில், ஒரு பிரதி வேறோர் ஊரில் அல்லது இணையத்தில். வன்தட்டைப் பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே இருந்தால் பணயக் கோப்பு வைரஸ் அதனையும் சேர்த்தே பூட்டிவிடும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் இருக்கும் உங்கள் அம்மா, அப்பாவின் கணினி மெதுவாகிவிட்டது என்று தொலைபேசியில் சொன்னால், உடனே இன்னொரு அன்ரி வைரஸை நிறுவும்படி சொல்லாதீர்கள். ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். பின்னர், அதிலுள்ள குடும்பப் படங்களுக்கும் அப்பா எழுதி வைத்தவற்றுக்கும் வேறெங்காவது பிரதி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அன்றைக்கே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.