புரோகிராம் எங்கே விழுந்தது?

சி மொழியில் எழுதிப் பழகுகிற எல்லோருக்கும் ஒருநாள் திரையில் அந்த ஒற்றை வரி வந்தே தீரும்: 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. அவ்வளவுதான். எந்த ஃபங்ஷன், எந்த வரி, ஒன்றும் கிடையாது. காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இருப்பாய்வு ஒத்துப்போகாத கதை. தப்பு இருக்கிறது என்று தெரியும், எந்தப் பதிவில் என்று தெரியாது. அங்கேயாவது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம் :-) இங்கே புரோகிராமே செத்துப்போச்சு.

ஆனால் சாவதற்கு முன் அதை ஒரு வார்த்தை பேசவைக்கலாம். தனக்குச் சொந்தமில்லாத மெமரி முகவரியைத் தொட்டதும் பிராசசர் கெர்னலைக் கூப்பிடுகிறது. லினக்ஸ் கெர்னல் அந்தப் புரோகிராமுக்கு 11-ஆம் எண் சிக்னலை (சிக்செக்வி) அனுப்புகிறது. யாரும் ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த சிக்னலே கொன்றுவிடும். முன்கூட்டியே சிக்ஆக்‌ஷன் மூலம் ஒரு ஹேண்ட்லரைப் பதிந்து வைத்திருந்தால், முதலில் அது ஓடும். எந்த முகவரியைத் தொட்டு மாட்டியது என்ற விவரமும் அதன் கைக்கு வரும். முகவரி 0, 8, 16 என்று சின்ன எண்ணாக இருந்தால் பெரும்பாலும் நல் பாயிண்டர் வேலைதான்.

எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்பதற்கு ஜிலிப்சியில் பேக்ட்ரேஸ் இருக்கிறது. மைனஸ் ஜி போட்டு கம்பைல் செய்திருந்தால், அது தரும் எண்ணை ஆடர்2லைன் கருவியிடம் கொடுத்து ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் வாங்கிவிடலாம்.

இதுவரை சுலபம். இனிமேல்தான் வில்லங்கம். ஹேண்ட்லருக்குள் பழக்கதோஷத்தில் பிரின்ட்எஃப் போட்டுவிடுவார்கள். போடக்கூடாது. மாலாக் பாதி வேலையில் பூட்டுப் போட்டிருக்கும்போது புரோகிராம் விழுந்தது என்று வையுங்கள். ஹேண்ட்லரும் மாலாக்கைத் தேடிப் போனால், இனி யாருமே திறக்காத பூட்டின் முன் நின்றுகொண்டிருக்கும். பிரின்ட்எஃபும் உள்ளுக்குள் பூட்டும் மாலாக்கும் பயன்படுத்துகிற ஆள்தான். நேரடியாக ரைட் அழைப்பதுதான் உத்தமம். பேக்ட்ரேஸ்கூட முதல் தடவை அழைக்கும்போது ஒரு லைப்ரரியை ஏற்றி மாலாக் செய்யலாம். அதனால் புரோகிராம் தொடங்கும்போதே ஒருமுறை சும்மா அழைத்து வைப்பார்கள். ஸ்டாக் நிரம்பியதால் விழுந்திருந்தால் ஹேண்ட்லர் ஓடவே இடமிருக்காது, சிக்ஆல்ட்ஸ்டாக் கொண்டு தனி இடம் கொடுக்க வேண்டும். எழுதி முடித்ததும் சும்மா திரும்பினால் அதே தப்பான கட்டளை மறுபடி ஓடும், மறுபடி சிக்னல் வரும், இப்படியே சுற்றும். பழைய இயல்பு நிலையை மீட்டு, புரோகிராமைச் சாகவிடுவதே நல்லது.

இதெல்லாம் புத்தகப் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் ஓட்டையைப் பார்க்க வேண்டும். அது வேறு சிக்னல், விதி மட்டும் இதேதான். 120 வினாடிக்குள் லாகின் ஆகாவிட்டால் அலாரம் சிக்னல் வரும். அதன் ஹேண்ட்லர் சிஸ்லாக்கை அழைத்தது, சிஸ்லாக் மாலாக்கிடம் போனது. அந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்தவருக்கு பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் அதிகாரம்! 32 பிட் லினக்ஸில் சராசரியாக 10,000 முயற்சிகள் தேவைப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், இதே ஓட்டை 2006-லேயே அடைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் லாக் எழுதும் பகுதியைத் திருத்தியபோது அந்த அடைப்பு கழன்றுவிட்டது.

இன்னொரு விஷயம். ஹேண்ட்லர் காட்டுவது விழுந்த இடத்தை. தடுக்கிய இடம் வேறாக இருக்கலாம். 10 இடமுள்ள அர்ரேயில் 11-ஆவதாக ஒன்றை எழுதினால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக் கணக்கு கெட்டுப்போயிருக்கும். வெகுநேரம் கழித்து சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரீ அழைப்பில் புரோகிராம் விழும். பேக்ட்ரேஸ் அந்த அப்பாவி வரியைத்தான் கைகாட்டும். அந்த மாதிரி நேரத்தில் ஜிசிசியின் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்து கம்பைல் செய்து பார்க்கலாம். வேகம் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் பெரும்பாலும் அந்த 11-ஆவது எழுத்திலேயே பிடித்து நிறுத்திவிடும்.