ஒரே மருந்து, இரண்டு அட்டைகள்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தருகே ஒரு மருந்துக்கடை. மாதந்தோறும் அப்பாவுக்கொன்றும் எனக்கொன்றுமாக அங்கே இரண்டு மாத்திரை அட்டைகள் வாங்குவேன். ஒருநாள் கடைக்காரர் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மருந்துதான் சார். அது அஞ்சு எம்.ஜி., இது ஒண்ணு" என்றார்.

உண்மைதான். ஃபினாஸ்டிரைடு. அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்காக; எனக்குத் தலைமுடிக்காக.

இம்மருந்தின் கதை டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே பெண்பிள்ளைகள் என்று வளர்க்கப்பட்ட சிலர் பருவ வயதில் ஆணுடல் பெற்றனர். டெஸ்டோஸ்டிரோனை அதனினும் வீரியமுள்ள டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு என்பதை ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்டனர். வளர்ந்த பின்னும் அவர்களுக்குப் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்நொதியைத் தடுக்கும் மாத்திரை அமெரிக்காவில் 1992இல் புராஸ்டேட்டுக்கும், 1997இல் ஐந்திலொரு பங்கு அளவில் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. கருவில் ஆணுடலைச் செதுக்கும் அதே ஹார்மோன்தான் பின்னாளில் உச்சந்தலையின் முடிவேர்களைச் சுருக்குகிறது. பிடரியை விட்டுவிடுகிறது.

அன்றிரவு அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தன் தலையைத் தடவிக்கொண்டார். "நான் உன்னைப்போல அஞ்சு மடங்கு சாப்பிடறேன். ஒண்ணும் முளைக்கலையே!" வெகுகாலத்துக்கு முன்பே சுருங்கிவிட்ட வேர்களை இம்மருந்து மீட்பது அரிது என்று விளக்கினேன். சற்றுப் பொறுத்து, "ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க முடியாம சாப்பிடறேன். உனக்கு என்னடா கஷ்டம்?" என்றார்.

பதில் இருந்தது, சொல்ல முடியவில்லை. தொழிற்பேட்டையில் லேத் பட்டறை தொடங்கிய நாளில் அவர் எடுத்துக்கொண்ட படம் கூடத்தில் தொங்குகிறது. கண்ணாடியில் அந்த நெற்றி தெரியத் தொடங்கியதுதான் என் கஷ்டம்.

மாத்திரையை நிறுத்தினால் காத்த முடி ஓராண்டுக்குள் போய்விடும். ஆகவே இது முடிவில்லாத தவணை. சிலருக்குப் பாலுணர்வு குன்றும்; தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவுதான் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. எனக்குச் சில மாதங்களாகக் காரணமற்ற சோர்வு. மாத்திரையாலா, வேறெதனாலா என்று மருத்துவராலும் அறுதியிட இயலவில்லை. "நிறுத்திப் பார்ப்போம்" என்றார்.

அடுத்த மாதம் ஓர் அட்டைதான் வாங்கினேன். சோர்வு மெல்ல விலகியது; முடியும் விலகியது. சென்ற வாரம் முடிதிருத்தகத்தில் நாற்காலியைக் கண்ணாடிப்பக்கம் திருப்பியபோது படத்திலிருக்கும் அப்பாவே எதிரில் அமர்ந்திருந்தார். இம்முறை நான் பார்வையை விலக்கவில்லை.