அன்னையின் அறைக்கு ஒரு செடி

எங்கள் அன்னைக்கு வயது 78. படியிறங்கித் தோட்டத்திற்குச் செல்வதை மருத்துவர் தடுத்துவிட்டபடியால், அவர்கள் அறைச் சன்னலருகே ஒரு செடி வைக்க விரும்பினோம். செடி விற்பவரிடம் இரண்டைப் பார்த்து வைத்தோம்: ஒன்று பெரணி, மற்றொன்று ‘ஸ்நேக் பிளாண்ட்’ என்று விற்கப்படும் மருள் வகை.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இம்மருள், தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைக்கும். இலைத்துளைகளை இரவில் திறந்து, பகலில் பெரும்பாலும் மூடிக்கொள்வதால் நீரிழப்பும் குறைவு. மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் வேண்டும். வேலைக்குச் செல்லும் எங்களுக்கு இது மிகவும் ஏற்றதே. ஆனால் செடியோடு பகலெல்லாம் இருக்கப்போவது நாங்களல்லவே! அன்னையோ, விடிந்ததும் செம்பில் நீர் மொண்டு ஊற்றாமல் இருக்கமாட்டார்கள். மருளின் வேர் அழுகிவிடும். “ஊற்றாதீர்கள்” என்று நாள்தோறும் தடுப்பதோ அதனினும் கொடுமை. அடுப்பங்கரையும் கிணற்றடியும் ஏற்கெனவே அவர்களுக்கு மறுக்கப்பட்டாயிற்று.

பெரணிக்கு மண் எப்பொழுதும் ஈரமாயிருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கலாகாது. கடும் வெயில் ஆகாது. காற்று வறண்டால் இலைநுனி கருகும். கோடையில் நாள் தவறாமல் கவனிக்க வேண்டும். விற்பவர் இவற்றையெல்லாம் குறைகளாகவே எடுத்துரைத்தார். நாங்கள் பெரணியையே வாங்கி, அடியில் துளையுள்ள தொட்டியில் நட்டு, வெயில் விழாத சன்னலில் வைத்தோம்.

இப்பொழுது காலைச் செபம் முடிந்ததும் அன்னை தொட்டிமண்ணை விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். சென்ற மாதம் தங்கை தன் வீட்டிற்கு அழைத்தபோது, “செடியை யார் பார்ப்பது?” என்று மறுத்துவிட்டார்கள். தங்கைக்கு எங்கள்மீது சற்று வருத்தந்தான்.