நாற்காலிக்காரரின் பணம்

2021 ஜூலை முதல் வாரம். டெல்லியில் ஒரு மத்திய ஆய்வு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில், ஃபரிதாபாத்திலிருந்து நாற்காலி சப்ளை செய்தவர்.

“பாபுஜி, ஜெம் தளத்தில் பணம் கொடுத்தாகிவிட்டது என்று காட்டுகிறது. என் கணக்கில் ஒரு பைசா வரவில்லை. ஆட்களுக்குக் கூலி பாக்கி.”

கணக்கரின் மேஜையில் இரண்டு திரைகள். ஒன்றில் ஜெம் என்கிற அரசு மின்சந்தை. 2016 ஆகஸ்டில் அது தொடங்கியது. மறு ஆண்டே, காலங்காலமாக அரசுக்குப் பொருள் வாங்கித் தந்த டிஜிஎஸ் அண்ட் டி இழுத்து மூடப்பட்டது. இன்னொரு திரையில் நிறுவனத்தின் கணக்கு மென்பொருள், ஜெம்மைவிட வயதில் மூத்தது. மத்திய அமைச்சகங்களுக்காக ஜெம்மையும் பொது நிதி மேலாண்மை அமைப்பையும் இணைத்திருக்கிறார்கள். இந்தத் தன்னாட்சி நிறுவனத்தில் இணைப்பு என்பது கணக்கரின் விரல்கள்தான். ஒரு திரையைப் பார்த்து மற்றதில் தட்டுவார்.

நாற்காலி விஷயத்தில் ஏற்கெனவே குழப்பம். ஆர்டர் 40க்கு. நான்கில் சக்கரம் உடைந்திருந்ததால் ஏற்புச் சான்றிதழ் 36க்கு. ஒப்பந்தம் 2.5 லட்ச ரூபாயைத் தாண்டியதால் 2 சதவீத ஜிஎஸ்டி பிடித்தம் வேறு. ஆக ஆர்டருக்கு ஒரு தொகை, பில்லுக்கு ஒரு தொகை, வங்கிக்கு ஒரு தொகை. மூன்றும் சரி என்பதுதான் வேடிக்கை.

ஆனால் பணம் போகாததற்குக் காரணம் அதுவல்ல. வியாபாரியின் கணக்கு சிண்டிகேட் வங்கியில் இருந்தது. 2020 ஏப்ரலில் அது கனரா வங்கியுடன் இணைந்தது. பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 2021 ஜூன் 30 வரைதான் செல்லும். ஜெம்மில் புதிய குறியீட்டை வியாபாரி எப்போதோ மாற்றிவிட்டார். கணக்கு மென்பொருளில் யாரும் மாற்றவில்லை. ஜூலை 1 அன்று கணக்கர் பணத்தை அனுப்பினார், பரிவர்த்தனை எண்ணைக் கையோடு ஜெம்மில் பதிந்தார். பணம் திரும்பி வந்தது. ஜெம்முக்கு அது தெரியாது.

ஜெம்மில் மாறினால் இங்கேயும் தானாக மாறட்டுமே என்றார் கணக்கர். கணக்கு அதிகாரி மறுத்தார். வெளியே யாரோ மாற்றிய வங்கி விவரத்துக்கு அரசுப் பணத்தை அனுப்பிவிட்டுத் தணிக்கையில் நான் பதில் சொல்வதா என்று கேட்டார். பிடிவாதமாகத் தோன்றினாலும் அவர் பேச்சில் நியாயம் இருந்தது. ரத்து செய்த காசோலை, கடிதம், கோப்பு, கையெழுத்து என்று 19 நாள் ஆயிற்று.

சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பணம் தாமதமானால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கெடு நெருங்கியும் வியாபாரி வட்டிப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த ஆர்டர் வேண்டுமே!

பிறகு மென்பொருளை இணைக்க வந்த இளைஞர் முதலில் கேட்டது, “எந்தப் பட்டியல் உண்மையானது?” யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு: இரண்டு பட்டியலிலும் வங்கி விவரம் வேறுபட்டால் பணம் நிற்கும், இரண்டும் அதிகாரி முன் வரும், அன்றே முடிவு.

மீதி நான்கு நாற்காலிகளா? அவை ஆகஸ்டிலேயே வந்துவிட்டன. அதற்குள் மென்பொருளில் அந்த ஆர்டரை முடித்துவிட்டிருந்தார்கள்.