ஜனவரியில் தொடங்கும் செப்டம்பர் வேட்டை

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் கன்சாஸ், கோதுமைக்குப் பேர்போன மாநிலம். ஜூன் மாதம் அறுவடை முடிந்தால், அடுத்த விதைப்பு செப்டம்பர் கடைசியில்தான். இந்த இடைவெளியில் அங்குள்ள விவசாயிகள் சிலர், வில், அம்புகளோடு மேற்கே இருக்கும் பக்கத்து மாநிலமான கொலராடோவுக்குக் கிளம்புகிறார்கள். ராக்கி மலைத்தொடரில் எல்க் மான் வேட்டைக்காக!

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே உரிமம் வாங்கினால் அனுமதி உண்டு. ஆனால், நினைத்தவுடன் கிளம்பிப் போக முடியாது. செப்டம்பர் மாத வேட்டைக்கு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

யாருடைய நிலம்?

நம் கடமானுக்கு உறவுக்கார விலங்கு எல்க். அதைவிடப் பெரியது. கண்மூடித்தனமான வேட்டையால், 1910 வாக்கில் கொலராடோவில் ஆயிரம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிறகு, கட்டுப்பாடுகள் போட்டு, வயோமிங் மாநிலத்திலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு எல்க் கிடையாது.

கொலராடோவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலம், தேசியக் காடாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மத்திய அரசிடம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் போடலாம். ஆனால், நடுநடுவே தனியார் பண்ணைகள் வரும். வேலி இல்லாவிட்டாலும் சரி, அறிவிப்புப் பலகை இல்லாவிட்டாலும் சரி, உரிமையாளர் அனுமதி இல்லாமல் அங்கே வேட்டையாடினால் குற்றம். அதனால், எல்லை காட்டும் வரைபடம்தான் முதல் தேவை. மலைக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால், வீட்டிலேயே செல்போனில் இறக்கிவைத்துக்கொள்வார்கள்.

புள்ளிக்குத்தான் முன்னுரிமை!

மாநிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, மான் கணக்கைப் பார்த்து, பகுதிக்கு இத்தனை உரிமம் என்று முடிவு செய்கிறார்கள். மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை விண்ணப்பிக்கலாம். கிடைக்காதவருக்கு ஒரு புள்ளி சேரும். புள்ளி அதிகம் வைத்திருப்பவருக்கு அடுத்த முறை முன்னுரிமை. முன்பு பல பகுதிகளில் வில் வேட்டை உரிமத்தை வெளிமாநிலத்தவர் கடையிலேயே வாங்கிவிடலாம். கூட்டம் அதிகமானதால், 2025 முதல் மேற்கு மலைப்பகுதியில் அவர்களும் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கட்டணம் சுமார் 800 டாலர். உள்ளூர்க்காரருக்கு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கட்டாயம்.

மூச்சு வாங்கும் மலை

எல்க் மேயும் இடங்கள் பெரும்பாலும் 8,000 முதல் 11,000 அடி உயரத்தில் இருக்கின்றன. நம் தொட்டபெட்டா சிகரமே 8,650 அடிதான். சமவெளியில் வாழ்பவருக்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் வரும். அதனால், பல மாதங்கள் முதுகில் சுமையோடு நடந்து பழகுவார்கள். ஓரிரண்டு நாள் முன்னதாகவே போய், உடம்பை உயரத்துக்குப் பழக்குவார்கள்.

செப்டம்பர், எல்க் இணைசேரும் காலம். ஆண் எல்க் விசில் அடிப்பதுபோலக் கூவும். ஊதுகுழலால் அதே ஒலியை எழுப்பி, அதை அருகில் வரவழைப்பார்கள். வில்லுக்கு 30, 40 மீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் ஆச்சு. வெயில் ஏறியதும் காற்று மலையில் மேல்நோக்கி வீசும். மாலையில் கீழ்நோக்கி இறங்கும். மனித வாடை பட்டால் எல்க் நிற்காது. காற்றின் போக்கைப் பார்த்துத்தான் எந்தப் பக்கமிருந்து நெருங்குவது என்று முடிவு செய்வார்கள்.

விழுந்த பிறகுதான் வேலை

ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பு நீக்கினாலும் 90, 100 கிலோ கறி தேறும். அங்கே வண்டி போகாது. பாகம் பாகமாக வெட்டி, துணிப்பைகளில் கட்டி முதுகில் சுமக்க வேண்டும். தனி ஆள் என்றால் நான்கு நடை. பகல் வெயிலில் கறி கெட்டுவிடும் என்பதால், உடனே தோலை உரித்து நிழலில் தொங்கவிட வேண்டும். உண்ணத்தக்க கறியை விட்டுவிட்டு வருவது குற்றம். அதை விற்கவும் கூடாது. ஆகவே, ‘எவ்வளவு தூரம் நடக்க முடியும்’ என்பதைவிட, ‘எவ்வளவு தூரம் சுமக்க முடியும்’ என்று கணக்குப் போட்டுத்தான் இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். இவ்வளவு செய்தும், வில்லோடு போகும் பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் எல்க் கிடைக்கும்.

வைக்கோல் போருக்கு இழப்பீடு

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கட்டிய பணம் மாநில வன உயிரினத் துறைக்குப் போய்விடும். பனிக்காலத்தில் எல்க் கூட்டம் கீழே இறங்கி, பண்ணைகளில் அடுக்கிவைத்த வைக்கோலைத் தின்னும், வேலியை உடைக்கும். பாதிப்பைக் கண்ட 10 நாளுக்குள் தகவல் கொடுத்தால், அந்தத் துறையே இழப்பீடு கொடுக்கிறது. போரைச் சுற்றி வேலி அமைக்கப் பொருள்களும் தருகிறது. ஆனால், தன் நிலத்தில் வேட்டையாட வரம்புக்கு மேல் கட்டணம் வசூலிப்பவருக்கு இந்த இழப்பீடு கிடையாது.

எல்க் தின்ற வைக்கோலுக்கு, எல்க் தேடி வந்த வெளியூர்க்காரர்களின் பணமும் சேர்ந்துதான் ஈடுகட்டுகிறது. வெறுங்கையோடு ஊர் திரும்பி, கோதுமை விதைக்கப் போகிறவரின் பணமும் அதில் இருக்கிறது.